செங்கல்பட்டில் இடைவேளை

செங்கல்பட்டில் ரயிலை விட்டு இறங்குகிறவர்களில் பாதிப் பேர் வேறு எங்கேயோ போகிறவர்கள். நானும் அப்படித்தான். ஞாயிற்றுக்கிழமை மாமல்லபுரம் போவது, வறுத்த மீன் சாப்பிடுவது, இருட்டுவதற்குள் திரும்புவது என்று ஆபீஸ் நண்பரோடு திட்டம். தாம்பரம் தாண்டியதும் நண்பர் மெதுவாக ஆரம்பித்தார்.

"ஸார், வழியில ஒரு மணி நேரம்... அக்கா பையன் ஃபுட்பால் ஆடறான். ஜென்மப் பகை காலேஜோட மேட்ச்!"

பகை என்றால் நண்பருக்கு உயிர். அவர் தாம்பரம் கிறிஸ்தவக் கல்லூரிக்காரர். 1837ல் சென்னையில் பிறந்து, 1937ல் தாம்பரத்துக் காட்டுக்குக் குடிவந்த கல்லூரி. (2019ல் மாவட்டம் பிரித்ததில் தாம்பரமே இப்போது செங்கல்பட்டு மாவட்டம்.) லயோலா என்று சொன்னால் இன்றைக்கும் அவர் மீசை துடிக்கும். படித்ததெல்லாம் மறந்துவிட்டது, பகை மட்டும் பசுமையாக இருக்கிறது.

பரனூர் தாண்டியதும் கொளவாய் ஏரி ஜன்னலோடு கூடவே ஓடி வந்தது. ரயில் பாதையே பழைய கோட்டையைப் பிளந்துகொண்டுதான் போகிறது. 1751ல் பிரெஞ்சுக்காரர்கள் பிடித்த அந்தக் கோட்டையை 1752ல் ராபர்ட் கிளைவ் பறித்துக்கொண்டார். ஆகவே, டீம்கள் பக்கம் மாறுவது இந்த ஊருக்குப் புதிதல்ல.

மைதானத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது முதல் பாதி முடிய ஐந்து நிமிஷம். எந்தெந்தக் கல்லூரி என்று சொல்ல மாட்டேன். சொன்னால் தோற்றவர்கள் ஆசிரியருக்குக் கடிதம் எழுதுவார்கள். ஜெயித்தவர்கள் நேரிலேயே வந்துவிடுவார்கள். நீலச் சட்டை ஒன்று, மஞ்சள் சட்டை ஒன்று. அவ்வளவு போதும்.

நீலத்தில் ஏழாம் நம்பர்தான் அக்கா பையன். ரைட் விங். மூன்று பேரை ஏமாற்றிவிட்டு நாலாவது ஆளையும் ஏமாற்ற ஆசைப்பட்டான். பந்து பறிபோனது. எண்ணி எட்டாவது விநாடியில் நீலத்தின் வலைக்குள் கிடந்தது. விசில். இடைவேளை.

"ஏழாம் நம்பரு... ஏழரை!" என்று மஞ்சள் கூட்டத்தில் ஒரு சிவப்பு பனியன் இளைஞன் கத்த, ஐம்பது தொண்டைகள் பின்பாட்டுப் பாடின. சனி பகவானே சற்றுக் கூசியிருப்பார்.

கால்பந்து விதிப்படி இடைவேளை பதினைந்து நிமிஷத்தைத் தாண்டக்கூடாது. அந்தப் பதினைந்து நிமிஷத்தில் ஆட்டக்காரர்கள் எலுமிச்சம்பழத்தைச் சப்பிக்கொண்டு சும்மா உட்கார்ந்திருக்கிறார்கள். உண்மையான ஆட்டம் வேலிக்கு வெளியேதான். வாழ்நாளில் பந்தைத் தொடாத பி.காம். மாணவன், "டிஃபென்ஸே சரியில்ல மச்சி, நாலு பேரை மாத்தணும்" என்கிறான். கண்ணாடி போட்ட இன்னொருவன் செல்போனை நீட்டி, "2005ல இஸ்தான்புல் ஃபைனல்! ஆஃப் டைம்ல மிலான் மூணு, லிவர்பூல் சைபர். அப்புறம் 54வது நிமிஷத்துலேருந்து 60வது நிமிஷத்துக்குள்ள மூணு கோல்! கடைசியில பெனால்டில கப்பு யாருக்கு?" என்று நீலக் கூட்டத்துக்குத் தெம்பு ஏற்றுகிறான். பக்கத்தில் ஒருவன் ஒன்றரை பிளேட் பிரியாணி பந்தயம் கட்டுகிறான். (அரை பிளேட் யாருக்கு என்று கேட்டேன். "எனக்குப் பசிக்குது ஸார்" என்றான்.)

நண்பர் பழைய கதைக்குப் போனார். "கொல்கத்தாவுல 1997 ஜூலை 13, மோகன் பகான் - ஈஸ்ட் பெங்கால் செமி ஃபைனல். 1,31,781 பேர் ஸார்! பூட்டியா ஹாட்ரிக், நாலுக்கு ஒண்ணு!" நான் இங்கே தலைகளை எண்ணினேன். ஆடுகளைச் சேர்த்தால் நூற்று முப்பத்தொன்று வந்தது. ஆயிரத்தில் ஒரு பங்கு. சத்தத்தில் மட்டும் சரிபாதி.

அக்கா திருக்கழுக்குன்றத்தில் தையல் கடை வைத்திருப்பவர். பிள்ளை ஆடுவதைப் பார்க்க வந்தது இதுதான் முதல் தடவை. இடைவேளைக்கு அப்புறம் கோல்போஸ்ட் மாறும் என்று யாரோ சொல்ல, பதறிப் போனார்.

"என்னடா இது, என் புள்ள கட்சி மாறிட்டானா?"

"இல்லக்கா, கட்சி அதேதான். தொகுதிதான் மாறுது."

மைதானத்தின் நடுவில் ரெஃப்ரி தன்னந்தனியாக நின்றுகொண்டிருந்தார். ஒருத்தரும் அவருக்குத் தண்ணீர் கொடுக்கவில்லை. அக்கா தூக்கில் கொண்டு வந்திருந்த மோரை ஒரு டம்ளர் ஊற்றிக் கொடுத்தார். "லஞ்சம்! லஞ்சம்!" என்று மஞ்சள் கூட்டம் அலறியது. ரெஃப்ரி சிரிக்காமல் குடித்துவிட்டு, இன்னொரு டம்ளர் கேட்டார்.

அப்போதுதான் நண்பரின் முகம் மாறியது. வேப்பமரத்தடியில் வெள்ளைத் தொப்பிக்காரர் ஒருவர் ஃபைலை மூடிவிட்டு எழுந்தார். பல்கலைக்கழக அணிக்கு ஆள் எடுக்க வந்தவராம். அந்த அணியில் இடம் கிடைத்து, ஒரு மெடலும் வாங்கிவிட்டால், அரசு வேலையில் விளையாட்டு வீரர்களுக்கான 3 சதவீதத்தில் மனுப் போடலாம். ரயில்வே, வங்கி டீம்களின் கண்ணிலும் படலாம். பையனுக்கு இது கடைசி வருஷம். தொப்பிக்காரர் கடைசியாகப் பார்த்ததோ அந்த நாலாவது ஆளிடம் பறிகொடுத்த பந்து.

நண்பரால் வாயைத் திறக்க முடியவில்லை. மாமன் போய்ச் சிபாரிசு செய்தால் நன்றாகவா இருக்கும்? எனக்கும் கால் எழவில்லை.

போனது யார் தெரியுமா? சிவப்பு பனியன்!

"ஸார், டீ சாப்பிட்டுப் போங்க ஸார். அந்த ஏழாம் நம்பரை இன்னும் இருபது நிமிஷம் பாருங்க."

"நீதானேப்பா அவனை ஏழரைன்னு கத்துனே?"

"மூணு வருஷமாக் கத்துறேன் ஸார், தொண்டையே போச்சு. சொத்தையா ஆடறவனை எவன் ஸார் திட்டுவான்?"

தொப்பிக்காரர் டீயை வாங்கிக்கொண்டு உட்கார்ந்தார். சிவப்பு பனியன் தன் கூட்டத்துக்குத் திரும்பிப் போய், இன்னும் பலமாக "ஏழரை!" என்று ஆரம்பித்தான்.

இரண்டாம் பாதியில் இஸ்தான்புல் எதுவும் நடக்கவில்லை. ஏழாம் நம்பர் இரண்டு தடவை தனியாகப் பிய்த்துக்கொண்டு போனான். ஒன்று கம்பத்தில் பட்டுத் திரும்பியது. 'டங்' என்ற அந்தச் சத்தத்துக்கு இரண்டு கூட்டமும் சேர்ந்து தலையில் கை வைத்தது. நீலம் ஒன்றுக்குச் சைபரில் தோற்றது. தொப்பிக்காரர் ஏதோ எழுதினார். என்ன எழுதினார் என்று தெரியவில்லை.

எல்லோருமாகத் திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம் பஸ் பிடித்தோம். நடு மதியம் மலைக்கோயிலுக்குக் கழுகுகள் வந்து பொங்கல் சாப்பிட்டதெல்லாம் பழங்கதை, இப்போது வருவதில்லை. பையன் பேசவே இல்லை. அர்ஜுனன் தபசுப் பாறை முன்னால்தான் முதல் தடவையாகச் சிரித்தான். அங்கே ஒரு பூனை, பின்னங்கால்களில் நின்று, கைகளைத் தலைக்கு மேல் தூக்கித் தவம் செய்கிறதல்லவா? சுற்றிலும் எலிகள்.

"மாமா, நம்ம கோல்கீப்பர்!"

ஐந்து ரதங்களிடம் போனபோது வெயில் சாய்ந்திருந்தது. மேலிருந்து கீழாகச் செதுக்கிக்கொண்டு வந்தவர்கள், அடியில் பாறையை அப்படியே விட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். ஏன் நிறுத்தினார்கள் என்று அறிஞர்கள் இன்னும் அடித்துக்கொள்கிறார்கள். ஆயிரத்து முந்நூறு வருஷ இடைவேளை! அக்கா தையல்காரர் கண்ணோடு ஒரு முறை சுற்றிப் பார்த்துவிட்டு, "அடி மடிக்காம விட்டுட்டாங்க" என்றார்.

பையன் அங்கேயும் செல்போனை எடுத்து எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தான். லிஸ்ட் செவ்வாய்க்கிழமைதான் வரும் என்று அவனுக்கும் தெரியும்.

செவ்வாய்க்கிழமை நண்பர் மைசூர்பாகு பொட்டலத்தோடு ஆபீஸுக்கு வந்தார். பெயர் வந்துவிட்டது. ஆனால் கடைசியில், ரிசர்வ் ஆட்டக்காரர்களில் ஒருவனாக.

"ரிசர்வுன்னா என்னடான்னு அக்கா கேட்டாங்க ஸார்."

"என்ன சொன்னீங்க?"

"எம்.எல்.ஏ. ஆயாச்சு, மந்திரி பதவிதான் பாக்கின்னு சொன்னேன். சிவப்பு பனியனுக்கும் ஒரு பொட்டலம் அனுப்பியிருக்காங்க."