சிறுபந்தை நோக்கி

விளையாட்டைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் வேகத்தையும் வலிமையையுமே எழுதுகிறார்கள். நின்ற இடத்திலிருந்து ஆடும் ஆட்டங்களுக்கு நம் எழுத்தில் அவ்வளவாக இடமில்லை. அவற்றுள் ஒன்று இத்தாலியிலிருந்து பரவிய போச்சே. முதலில் ஒரு சிறுபந்தை எறிந்துவிடுவார்கள். பிறகு இரு அணியினரும் அணிக்கு நான்காகப் பெரிய பந்துகளை அதை நோக்கி உருட்டுவார்கள். எதிரணியின் மிக நெருங்கிய பந்தைக் காட்டிலும் அருகில் கிடக்கும் ஒவ்வொரு பந்துக்கும் ஒரு புள்ளி. எதிராளியின் பந்தை இடித்துத் தள்ளலாம், சிறுபந்தையே நகர்த்திவிடலாம். கோலி ஆடியவர்களுக்கு இதற்குமேல் விளக்கம் வேண்டியதில்லை.

இதன் நெருங்கிய உறவான பெத்தாங்க், பிரெஞ்சு ஆட்சி 1954இல் கைமாறிய பின்னரும் புதுச்சேரியில் தங்கிவிட்டது. மூட்டுவாதத்தால் ஓடி எறிய இயலாமற்போன ழூல் லெனுவார் என்பவருக்காக, தென்பிரான்சின் லா சியோத்தாவில் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பழைய ஆட்டத்தை மாற்றி அமைத்தார்கள் என்பர். பாதங்களை ஊன்றி நிற்றல் என்பதே அப்பெயரின் பொருள்.

சென்ற ஜனவரியில், கிளென்மார்கனில் ஒரு பழைய மாணவர் வீட்டு விருந்துக்கு அம்மாவுடன் சென்றிருந்தேன். பைக்காரா மின்திட்டத்தின் நீர் சிங்காராவை நோக்கி இறங்கத் தொடங்கும் இடம் அது. அங்கே நீரைப் போலவே பந்தும் நிற்காது. உருட்டிய பந்துகள் புல்வெளியைக் கடந்து தேயிலைச் செடிகளுக்குள் ஓடின. ஒவ்வொரு முறையும் "போச்சே!" என்று பிள்ளைகள் கூவ, ஆட்டத்தின் பெயர் தமிழாகிவிட்டது.

"பாட்டி, நீங்க ஒண்ணு உருட்டுங்க."

"எனக்கெதுக்குப்பா இதெல்லாம்?" என்றபடியே அம்மா எழுந்தார். சிறுபந்தை அவர் குறி வைக்கவில்லை. மேட்டுப்பக்கமாக, மெல்ல விட்டார். பந்து தயங்கி, வளைந்து, இறங்கி, சிறுபந்துக்கு ஒரு சாண் தள்ளி நின்றது. நாற்பது ஆண்டுகள் கூடை சுமந்து சரிவில் நின்று கொழுந்து பறித்தவருக்கு, நிலம் எந்தப் பக்கம் சாய்கிறதென்று யாரும் சொல்லத் தேவையில்லை.

திரும்பும் வழியில், கடைசியாக எப்போது விளையாடினாய் என்று கேட்டேன்.

"சிலோன்ல, லயத்து வாசல்ல, அஞ்சாங்கல்லு. பதிமூணு வயசுல பேரு பதிஞ்சாங்க. அன்னிக்கு விட்டதுதான்."

தோட்டத்தின் ஆள்கணக்கில் பெயர் ஏறிய நாள் அது. 1964ஆம் ஆண்டு ஒப்பந்தப்படி பின்னர் கப்பலேறி, கூடலூர்ப் பக்கம் வந்தபோதும் அதே வேலைதான்.

புறநானூற்றின் 36ஆம் பாடலில், பொருநையின் வெண்மணலில் மகளிர் பொற்கழங்கு ஆடுகிறார்கள். ஆண்டுதோறும் அதை வகுப்பில் நடத்துகிறேன். வெளியே காவல்மரம் வெட்டுப்படும் ஓசையை, உள்ளே மன்னன் வாளாவிருப்பதைச் சொல்லி முடித்துவிடுவோம். அப்பெண்கள் கழங்கைக் கீழே வைத்த நாள் எது என்று எந்த மாணவரும் கேட்டதில்லை. இவ்வாண்டு அக்கேள்வியை நானே கேட்டேன். வகுப்பிலிருந்த பெண்கள் பலர், தத்தம் நாளை வயதோடு சொன்னார்கள்.

விருந்துகளில் முதியவர்களுக்கு நிழலில் நாற்காலி போடுவதை மரியாதை என்று கருதுகிறோம். கையில் ஒரு பந்தையும் கொடுக்கலாம்.