வேண்டும் என்று வேண்டினர்: கூற்றுவினையும் நோக்குத் துணைவினையும்

எண்ணூர், திருவொற்றியூர் வட்டாரத்தில் பெருந்தொழில் ஒன்று புதிதாக வருவதற்கோ விரிவடைவதற்கோ முன்னர், பெரும்பாலும் மக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் ஒன்று நடைபெறுகிறது. 2006ஆம் ஆண்டு செப்டம்பர் 14ஆம் நாள் நடுவணரசு வெளியிட்ட சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின் நான்காம் பின்னிணைப்பு அக்கூட்டத்துக்குரிய நடைமுறையை வகுத்துள்ளது. அதில் மொழி பற்றிய விதிகளும் உள்ளன. கூட்டத்தில் வெளிப்பட்ட கருத்துகளின் சுருக்கத்தை, கூட்டம் கலையுமுன் அவையோர் முன் படித்து, வட்டார மொழியில் விளக்குதல் வேண்டும். மக்கள் எழுப்பிய சிக்கல்களையும் அவற்றுக்குத் தொழில் முனைவோர் தந்த மறுமொழியையும் வட்டார மொழியிலோ மாநில ஆட்சிமொழியிலோ ஆங்கிலத்திலும் எழுதி இணைத்தல் வேண்டும்.

காலடிப்பேட்டையில் பிறந்து மொழிபெயர்ப்பியல் கற்பிக்கும் பணியில் இருப்பவன் என்பதால், இத்தகைய குறிப்புகள் சிலவற்றை அண்டை அயலார் என்னிடம் கொண்டுவந்ததுண்டு. அவர்கள் கேட்டது ஒன்றே ஒன்று: “நாங்க சொன்னது இதுல இருக்குதா, சார்?” சொற்பொருள் அளவில் இருந்தது. ஆயினும் இருந்தது என்று சொல்ல எனக்கு வாய் எழவில்லை. அதற்கான காரணத்தை இலக்கணத்தில் தேடியதன் விளைவே இக்கட்டுரை.

எந்தக் கூட்டம், எவர் எழுதிய குறிப்பு என்பன இங்கு வேண்டா, வடிவமே போதும். மேடையில் மீனவர் ஒருவர், “இந்தத் தொழிற்சாலை இங்கே வரக் கூடாது” என்கிறார். ஆங்கிலக் குறிப்பில் அது, தொழிற்சாலை அமைக்கப்படலாகாது என அவர் வேண்டிக்கொண்டார் என்னும் பொருளில், ‘ரெக்வெஸ்ட்’ என்னும் வினையைத் தலைமையாகக் கொண்ட தொடராகிறது. எதிர்மறையும் இருக்கிறது, ‘ஷுட்’ என்னும் துணைவினையும் இருக்கிறது. மாறியது ஒன்றுதான். தடுத்துரைத்தவர் வேண்டுபவராகிவிட்டார்.

எழுதியவரைக் குறை கூறுவதற்கில்லை. கூற்றுவினை, அதன்பின் ‘தட்’ என்னும் இணைப்புச்சொல், அதன்பின் நோக்குத் துணைவினை கொண்ட துணைத்தொடர் என அமையும் ஆங்கில அமைப்பின் இயல்பே அது. அங்கே ‘ஷுட்’ தானாக வலிமை காட்டுவதில்லை. ஆணையிடுதற்குரிய வினைக்குப் பின் வந்தால் அது கட்டளை. பரிந்துரைத்தற்குரிய வினைக்குப் பின் வந்தால் அறிவுரை. இறைஞ்சுதற்குரிய வினைக்குப் பின் வந்தால் மன்றாட்டு. அமெரிக்க வழக்கில் அந்தத் துணைவினையையே நீக்கி வெறும் வினையடியை நிறுத்துகிறார்கள். பொருளில் குறைவு நேர்வதில்லை. ஆகவே ஆங்கிலத்தில் சுமை தாங்குவது கூற்றுவினை. அதனை மாற்றினால் உள்ளிருக்கும் கூற்றின் நிறை முழுவதும் மாறிவிடும்.

தமிழில் நிலை வேறு. திராவிட மொழிகளில் ஒரு தொடருக்கு ஒரு முற்றுவினையே இயல்பு என்பதும், மற்றொரு முற்றை அதனுள் கொணர ‘என்’ போன்றதொரு வினை துணைநிற்க வேண்டும் என்பதும் சான்ஃபோர்டு ஸ்டீவர் 1988இல் வெளியிட்ட நூலின் மையக் கருத்துகளுள் அடங்கும். முற்று, முற்றாகவே உள்ளே வருகிறது என்பது இதன் பயன். ஆங்கிலத்தில் கூற்றுவினை இறந்தகாலமானால் ‘மே’ ‘மைட்’ ஆகவும் ‘வில்’ ‘வுட்’ ஆகவும் பின்வாங்கும். தமிழில் ‘என்று’ என்பதற்கு முன்னுள்ள பகுதி பின்வாங்குவதில்லை. “வரக் கூடாது என்று கூறினார்” என்னும்போது ‘வரக் கூடாது’ அவர் சொன்னபடியே நிற்கிறது.

செய்திகளைச் சுருக்கி எழுதுவோர் ‘என்று’ என்பதினும் ‘-ஆக’ என்பதை விரும்புவர்; ‘வருவதாகக் கூறினார்’ என்பது போல. ஆனால் நோக்குத் துணைவினைகள் இந்த வடிவத்துக்கு எளிதில் இணங்குவதில்லை. ‘-லாம்’ ஈற்றுக்குப் பெயரெச்சமே இல்லை; ‘வரலாமாக’ என எவரும் சொல்லார். ‘வேண்டும்’ என்பதற்கு ‘வேண்டிய’ உண்டு. எனினும் ‘மூட வேண்டியிருப்பதாகக் கூறினர்’ என எழுதினால் கோரிக்கை மறைந்து, சூழ்நிலை காரணமாக மூட நேர்ந்தது என்னும் செய்தி வந்துவிடுகிறது. ‘கூடும்’ என்பதிலிருந்து வரும் ‘கூடிய’ என்பதும் அத்தகையதே; ஐயத்தை விட்டு இயலுமையைச் சுட்டத் தொடங்குகிறது. எனவே ஒருவரது கோரிக்கை, மறுப்பு, இசைவு, ஐயம் ஆகியவற்றைத் தமிழில் எடுத்துரைக்க ‘என்று’ என்பதே தக்க வழி. அவ்வழியில் சென்றால் சொன்னவரின் குரலும் கூடவே வரும். தமிழ்க் குறிப்பு இதனைத் தன் இயல்பாகவே செய்யவல்லது. ஆங்கிலத்தில் எழுதியபின் தமிழாக்கினால் மட்டும் அவ்வாய்ப்பு பறிபோகிறது.

‘வேண்டும்’ என்னும் சொல்லைத் தனியே நோக்க வேண்டும். பழந்தமிழில் வேண்டுதல் விருப்பத்தைக் குறித்த முழுவினை. வேண்டுபவர் யார் என்பது அங்கே வெளிப்படை. இன்றைய துணைவினையில் அந்த எழுவாய் இல்லை. “ஆலை மூடப்பட வேண்டும்” என்பதில் வேண்டுபவர் யார்? சட்டமா, அரசா, ஊரா? விடை கூற்றுவினையின் எழுவாயில்தான் கிடைக்கும். அதனையும் ‘தெரிவிக்கப்பட்டது’ எனச் செயப்பாட்டில் முடித்துவிட்டால் வேண்டுபவரே இல்லாத வேண்டல் ஒன்று மிஞ்சுகிறது. இந்த ஒரு தொடர்முடிபுதான் நான் கண்ட குறிப்புகளில் மிகுதி. மறுபுறம், துணைவினையாகத் தேய்ந்த அதே சொல் ‘வேண்டினர்’ எனக் கூற்றுவினையாகவும் உயிர்ப்புடன் இருக்கிறது. அங்கே பொருள் விருப்பமன்று, பணிந்து கேட்டல். “வேண்டும் என்று வேண்டினர்” என்னும் தொடரின் முதற்சொல்லில் கடப்பாடு, இறுதிச் சொல்லில் பணிவு. இரண்டையும் ஒன்றெனக் கொள்வது செவிமயக்கம்.

கேட்பவரின் நிலை வினையில் வெளிப்படும் என்பதைத் தொல்காப்பியர் நன்கறிவார். ஈ என்பது இழிந்தோன் கூற்று, தா என்பது ஒப்போன் கூற்று, கொடு என்பது உயர்ந்தோன் கூற்று என எச்சவியலில் அவர் பகுத்துள்ளார். அங்கே நிலை வேறுபாடு கேட்பவரின் வாயிலிருந்தே வருகிறது. கூட்டக் குறிப்பில் அதனை வழங்குபவர் எழுதுபவர். ‘தா’ என்றவரை ‘ஈ’ என்றவராக்கும் உரிமை எழுதுகோலுக்கு எங்கிருந்து வந்தது என்று கேட்கத் தோன்றுகிறது.

எதிர்த்திசையிலும் இடர் உண்டு. இந்திய அலுவலக ஆங்கிலத்தில் ‘மே’ என்பது பணிவான ஏவலாக வழங்குகிறது. நடவடிக்கை எடுக்குமாறு கேட்டுக்கொள்ளும் கடிதத்தில் ‘ரெக்வெஸ்ட்’ என்பதன்பின் ‘மே’ வந்தால், எடுக்கலாம், எடுக்காமலும் விடலாம் என்பது பொருளன்று. ஆயினும் தமிழ்ச் சட்டங்களில் ‘ஷல்’ என்பதற்கு ‘-தல் வேண்டும்’ என்றும் ‘மே’ என்பதற்கு ‘-லாம்’ என்றும் பழகிய கை, இங்கும் ‘எடுக்கலாம் எனக் கேட்டுக்கொள்ளப்படுகிறது’ என்று எழுதிவிடுகிறது. சட்ட நடைக்கு அந்த இணை செம்மையானது. கடித நடைக்குப் பொருந்தாது. ‘எடுக்குமாறு’, ‘எடுக்கும்படி’ என்னும் எச்சங்களே தமிழில் இதற்கு உரியவை.

‘சஜெஸ்ட்’ என்னும் வினை இன்னும் இடக்கானது. வல்லுநர் குழு ஒன்று கழிமுகத்து நீரைச் சோதிக்க வேண்டும் என்று கூறினால் அது பரிந்துரை. சோதனை முடிவுகள் நீரில் சாம்பல் கலந்திருக்கக் கூடும் என்று காட்டினால் அதுவும் ஆங்கிலத்தில் ‘சஜெஸ்ட்’ தான். துணைவினையே இரண்டையும் பிரிக்கிறது: முன்னதில் ‘ஷுட்’, பின்னதில் ‘மே’. ‘ஆய்வு முடிவுகள் பரிந்துரைக்கின்றன’ என நாளிதழ்களில் இன்று மலிந்துவிட்ட தொடர், துணைவினையை நோக்காமல் கூற்றுவினையை மட்டும் அகராதியில் பார்த்ததன் விளைவு. முடிவுகள் எதையும் பரிந்துரைப்பதில்லை. அவை கருத இடந்தருகின்றன. எண்ணூர்க் கழிமுகத்தில் அனல்மின் நிலையச் சாம்பல் படிவது பற்றிப் பேசுமிடத்தில், ‘கலந்திருக்கக் கூடும்’ என்பதும் ‘சோதிக்க வேண்டும்’ என்பதும் ஒரே வினையின்கீழ் வந்தால் எது அறிந்த செய்தி, எது செய்யவேண்டிய செயல் என்பது படிப்பவருக்குப் புலப்படாது.

எங்கள் ஊரின் பேச்சுவழக்கு இவற்றையெல்லாம் ஓரிடைச்சொல்லில் அடக்கிவிடும். கூட்டம் முடிந்து திரும்புவோரிடம் என்ன சொன்னார்கள் என்று கேட்டால், “பாக்கலாமாம்” என்பார்கள். ‘-லாம்’ அதிகாரியுடையது, ‘-ஆம்’ சொல்பவருடையது. கூற்றுவினை இல்லை, எழுவாய் இல்லை. எனினும் இது என் சொல் அன்று, இதற்கு நான் பொறுப்பல்லேன், இதை நான் பெரிதாக நம்பவுமில்லை என்னும் மூன்றும் அதில் கேட்கும். ஊர்ப்பெயர் வரலாறே ‘-ஆம்’ போட்டுச் சொல்லப்படுவதுதான். 1717 முதல் 1720 வரை சென்னை ஆளுநராக இருந்த ஜோசப் காலெட் நெசவாளரைக் குடியேற்றிய காலெட் பேட்டை, மக்கள் நாவில் காலடிப்பேட்டை ஆயிற்று, இது வரலாறு. அவரிடம் பணிபுரிந்த ஒருவர் நாள்தோறும் காஞ்சி வரதரைத் தொழச் சென்றதும், அது கண்டு ஆளுநர் இங்கேயே கல்யாண வரதராசப் பெருமாள் கோயில் எழக் காரணமானதும் கதை. இதனைச் சிலர் ‘கட்டச் சொன்னாராம்’ என முடிப்பர். சிலர் ‘கட்டிக்கலாம்னாராம்’ என முடிப்பர். முன்னதில் கோயில் ஆளுநருடையது, பின்னதில் ஊராருடையது.

அலுவலகங்களுக்கென ஆட்சிச்சொல்லகராதி உண்டு. அதில் கூற்றுவினைகளுக்குத் தனித்தனியே நிகரன்கள் கிடைக்கும். துணைவினையோடு சேர்ந்த இணைகள் கிடைப்பதில்லை. மாணவர்களுடன் அத்தகைய பட்டியல் ஒன்றைத் தொடங்கியுள்ளேன். ‘-உமாறு பணித்தது’, ‘-தல் வேண்டும் என வலியுறுத்தினர்’, ‘-க் கூடாது என மறுத்துரைத்தனர்’, ‘-க் கூடும் எனக் கருத இடந்தருகிறது’ என அது வளர்கிறது. ‘ஒபைன்’ என்னும் வினையோடு ‘மே’ சேரும் தொடரே இன்னும் பிடிபடவில்லை. ‘-லாம் எனக் கருதியது’ என்றால் இசைவாகிறது. ‘-லாமா என எண்ணிப் பார்த்தது’ என்றால் தயக்கமாகிறது. ஆங்கிலம் அவ்விரண்டுக்கும் நடுவே எங்கோ நிற்கிறது. அவ்விடத்தில் நிற்கத் தமிழுக்குத் தேவை உண்டா என்பதில் வகுப்பில் இரு கட்சிகள் உள்ளன.