தொப்பி விழும்வரை

லண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் பேராலயத்தில் எனக்குப் பிடித்தது மேலே பார்ப்பதுதான். 1903-இல் திறந்த கட்டடம். கூரையின் மொசைக் வேலை இன்னும் முடியவில்லை. வெறும் செங்கல், கரி படிந்த இருட்டு. அந்த இருட்டுக்குக் கீழே, 1975-இல் இறந்த கர்தினால் ஹீனனின் கல்லறைக்கு நேர்மேலே, அகன்ற விளிம்பும் குஞ்சங்களுமாக ஒரு சிவப்புத் தொப்பி தொங்குகிறது.

கர்தினால் இறந்தால் அவருடைய தொப்பியைக் கல்லறைக்கு மேலே தொங்கவிட்டு, உக்கி விழும்வரை தொடாமல் விடுவது பழைய வழக்கம். உலகப் பெருமை எல்லாம் இப்படித்தான் தூசாகும் என்பது அதற்குச் சொல்லும் காரணம். சனங்கள் அதோடு நிற்பார்களா? தொப்பி விழும் நாளில்தான் உத்தரிக்கிற ஸ்தலத்திலிருந்து அவருடைய ஆன்மா மோட்சம் சேரும் என்று கதை கட்டிவிட்டார்கள். என் யோசனை தையல்காரரிடம் போகிறது. நல்ல பட்டு நூலால் இறுக்கித் தைத்தவர் ஒரு கர்தினாலை எத்தனை ஆண்டு காக்கவைத்திருப்பார்! அதுவும் இந்த நாட்டில், ஏதாவது விழப்போகிறது என்று தெரிந்தால் மஞ்சள் சட்டைக்காரர் ஏணியோடு வந்து கம்பி போட்டுக் கட்டிவிட்டுப் போய்விடுவார்.

ஹீனனுக்கு அடுத்து வந்த பசில் ஹியூமுக்கு இந்தத் தொல்லை இருந்திருக்காது. தொப்பி கொடுக்கும் சடங்கை ரோமாபுரி 1969-இல் நிறுத்திவிட்டது. அவர் கர்தினால் ஆனது 1976-இல். 1999 ஏப்ரலில் தன் குருமாருக்குக் கடிதம் எழுதினார்: புற்றுநோய், ஆரம்பக் கட்டம் தாண்டிவிட்டது, முடிந்தவரை வேலை பார்ப்பேன் என்று. முன்பு தானே தலைவராக இருந்த, யோர்க்‌ஷயரிலுள்ள ஆம்பிள்ஃபோர்த் மடத்துக்கும் போன் போட்டுச் சொன்னார். மறுமுனையில் இருந்த மடாதிபதி வாழ்த்துச் சொன்னாராம். அருமையான செய்தி, நானும் கூட வரக் கொடுத்துவைக்கவில்லையே என்றாராம்.

எங்கள் ஆட்களிடம் இப்படி ஒரு செய்தியைச் சொல்லிப் பாருங்கள். எந்த ஆஸ்பத்திரி, டொரொன்டோவில் பெரியம்மாவின் மகன் டொக்டர், அவனுக்கு ரிப்போர்ட்டை அனுப்பு, நல்லூரானுக்கு நேர்ந்துகொள், காலையில் வெந்தயத் தண்ணீர் குடி. வாழ்த்துச் சொன்னவனுக்கு அடிதான் விழும். முதலில் கேட்டபோது அதை யோர்க்‌ஷயர்ப் பகிடி என்றுதான் நினைத்தேன். பிறகு யோசித்தால், இரண்டு துறவிகள், செபத்தில் நாள்தோறும் சொல்லிவந்ததை மெய்யாகவே நம்பினால், வேறு என்னதான் பேசிக்கொள்ள முடியும்? ஒருவர் முந்திக்கொண்டார், அவ்வளவுதான். ஜூன் 2-ஆம் தேதி மகாராணியின் கையால் ஆர்டர் ஆஃப் மெரிட் விருதை வாங்கிய ஹியூம், 17-ஆம் தேதி போய்ச் சேர்ந்தார்.

பொறாமையாகத்தான் இருக்கிறது. அப்படி விடைபெற, போகிறவருக்கு இங்கே கணக்கு முடிந்திருக்க வேண்டும்.

மன்னார் ஆயர் இராயப்பு யோசேப்பு ஆண்டகைக்கு அந்தக் கணக்கு முடியவில்லை. 2011 ஜனவரியில் இலங்கை அரசின் நல்லிணக்க ஆணைக்குழு முன்னால் அவர் வைத்தது ஒரு கழித்தல் கணக்கு. மாவட்டக் கச்சேரிப் பதிவின்படி 2008 அக்டோபரில் வன்னியில் இருந்தவர்கள் 429,059 பேர். போரின் முடிவில் அரச பகுதிக்கு வந்ததாகக் கணக்குக் காட்டப்பட்டவர்கள் 282,380. மிச்சம் 146,679 பேர் எங்கே? பதில் வராமலே, 2021 ஏப்ரல் 1, பெரிய வியாழனன்று, அவர் கண்மூடினார்.

கொரோனாக் காலம். அடக்கத்துக்கு இங்கிருந்து போக வழியில்லை. ஈஸ்ட்ஹாமில் எனக்குத் தெரிந்த முல்லைத்தீவு அம்மா ஒருவர் இருக்கிறார், சைவம். 2009 மே மாதம் இராணுவத்திடம் கையால் ஒப்படைத்த மகனை இன்னும் தேடுகிறார். இனி ஆர் கேட்பது என்று அழுவார் என நினைத்து வீடியோவில் கூப்பிட்டேன். சாமியறையில் முருகனுக்குப் பக்கத்தில் ஆண்டகையின் படம், முன்னால் விளக்கு. அவர் அழவில்லை.

"ஆண்டகை போன உடனை அங்கை விசாரிப்பார், தம்பி. பெயர் விபரம் எல்லாம் அவருக்குத் தெரியும். என்ரை பிள்ளை அங்கை இல்லையெண்டா, இங்கைதானே எங்கையோ இருக்கோணும்?"