கிழட்டுச் சிங்கமும் மூணாவது வருஷமும்

மொதல்லயே சொல்லிடறேன், இது தன்ராஜ் பிள்ளை ஆடின ஹாக்கி இல்லைங்க. பனிக்கட்டி மேல வழுக்கிட்டே போய் முட்டி மோதுற ஐஸ் ஹாக்கி. டொரண்டோவுக்குப் பொட்டி தட்ட வந்த பாவத்துக்கு மேப்பிள் லீஃப்ஸ் என் டீமாப் போச்சு. 1967-க்கு அப்புறம் கோப்பையைத் தொடாத டீம். நம்ம ராசி அப்படி :)

கேள்வி இதுதான். தோத்துக்கிட்டே இருக்கிற ஒரு டீம், முப்பத்தஞ்சு தாண்டின பழைய ஆளுங்களை எடுக்கலாமா? எடுக்கலாம், ஆனா வருஷக் கணக்குல ஏமாறக் கூடாதுங்கிறது என் கட்சி.

என்.ஹெச்.எல்.-ல காசு இருக்கிற முதலாளி இஷ்டத்துக்கு அள்ளி வீச முடியாது. 2004-05-ல சம்பளத் தகராறு முத்தி, முதலாளிங்க கதவடைச்சு, ஒரு சீசன் முழுக்க ரத்தாச்சு. அடுத்த சீசன்லேர்ந்து ஒரு டீம் மொத்தமா இவ்வளவுதான் சம்பளம் கொடுக்கலாம்னு உச்சவரம்பு. மொத வருஷம் 3.9 கோடி டாலர், 2025-26-ல 9.55 கோடி. கீழயும் ஒரு கோடு உண்டு, அதுக்குக் குறைச்சலா செலவழிக்கவும் கூடாது.

இதுல முப்பத்தஞ்சு வயசு விதின்னு ஒரு வில்லங்கம் இருக்கு. ஒப்பந்தத்தோட மொத்தத் தொகையை வருஷத்தால வகுத்து, அந்தச் சராசரியைத்தான் வரம்புல கணக்கு வைப்பாங்க. அப்ப என்ன பண்ணலாம்? ஆட மாட்டார்னு தெரிஞ்சே கடைசியில ரெண்டு வருஷத்தை ஒட்டி சராசரியை இறக்கலாம். அந்தத் தில்லுமுல்லைத் தடுக்கத்தான் இந்த விதி. 35 வயசுல, இல்ல அதுக்கு மேல, பல வருஷ ஒப்பந்தம் போட்டவர் நடுவுல ஓய்வு பெற்றாலும் கணக்குல அவர் பேர் நிக்கும். 2020-ல கொஞ்சம் தளர்த்தினாங்க. அதுக்கு முன்னாடியே எங்காளுங்க வாங்கிக் கட்டிக்கிட்டாச்சு.

2015-16-ல லீஃப்ஸ் லீக்லயே கடைசி. அப்புறம் மேத்யூஸ், மார்னர்னு சின்னப் பசங்க வந்து நிமிர்ந்தாங்க. பசங்களுக்குப் பெரிய மனுஷன் ஒருத்தர் வேணும்னு 2017-ல பேட்ரிக் மார்லோவை எடுத்தாங்க. வயசு 37. மூணு வருஷம், வருஷத்துக்கு 62.5 லட்சம் டாலர். மொத வருஷம் 27 கோல், ரெண்டாவது வருஷம் 16. ஒரு ஆட்டம்கூட விடலை மனுஷன். ஆனா 2019-ல பசங்களுக்குப் பெரிய சம்பளம் கொடுக்கிற நேரம் வந்தப்ப, அந்த மூணாவது வருஷம் தொண்டையில முள்ளா நின்னுச்சு. பணம் கொடுத்து ஒப்பந்தத்தை முறிச்சாலும் வரம்புல ஒரு டாலர் குறையாது. கடைசியில கரோலினா டீம் தலையில கட்டினாங்க, கூடவே முதல் சுற்றுத் தேர்வையும் தட்சணையா வெச்சு. அந்தத் தேர்வுல கரோலினா 2020-ல எடுத்த பையன்தான் சேத் ஜார்விஸ். 2023-24-ல 33 கோல் அடிச்சான். பார்க்கும்போதெல்லாம் வயிறு எரியும்.

மார்லோ போன அதே கோடையில 36 வயசு ஜேசன் ஸ்பெட்ஸா வந்தார். 7 லட்சம் டாலர், ஒரே வருஷம். நல்லா ஆடினார், இன்னொரு வருஷம். மறுபடியும் இன்னொரு வருஷம். 2020-21-ல 54 ஆட்டத்துல 30 பாயின்ட். எந்தக் கோடையிலயும் அவரால டீமுக்குத் தலைவலி வரலை.

ஸ்கார்பரோ பெரியப்பாகிட்ட இந்த லாஜிக்கைத்தான் அடுக்கிட்டிருந்தேன். அவருக்கு 58. இருபத்தாறு வருஷம் பார்த்த வேலை 2023-ல போச்சு. அதுக்கப்புறம் ஆறு மாசம், ஒரு வருஷம்னு கான்ட்ராக்ட்தான். போற இடத்துல எல்லாம் என் வயசுப் பசங்களுக்குப் பழைய சிஸ்டத்தைச் சொல்லிக் கொடுத்துட்டு வெளியே வர்றார். "ஒரு வருஷம்னு சொன்னா அவன் எதை நம்பிடா வீட்டைக் கட்டுவான்?" அப்படின்னார். நாங்க பேசினது ஹாக்கின்னு நினைச்சுக்கிட்டிருந்தேன்.

கோடி கோடியா சம்பாதிச்ச ஆட்டக்காரனும் பெரியப்பாவும் ஒண்ணு இல்லைதான். அதைச் சொல்லவும் செஞ்சேன். அவர் பதில் பேசலை. பெரியம்மா தோசை கொண்டு வந்து வெச்சாங்க.

நிற்க. நிஜமாவே தோக்குற டீம்னா 2023-24 சிகாகோதான். அந்த சீசன் மேல் கோடு 8.35 கோடி, கீழ்க் கோடு 6.17 கோடி. கானர் பெடார்ட்னு 18 வயசுப் பையன், அடிப்படைச் சம்பளம் 9.5 லட்சம். இந்த மாதிரி பசங்களை வெச்சுக்கிட்டு கீழ்க் கோட்டைத் தொடறதே கஷ்டம். அதனால கோரி பெரி, நிக் ஃபோலினோன்னு ரெண்டு பழைய ஆளுங்களுக்குத் தலா 40 லட்சம், தலா ஒரு வருஷம். பெரியோட ஒப்பந்தத்தை நடத்தை காரணம் சொல்லி நவம்பர்லயே கிளப் ரத்து பண்ணிடுச்சு. ஒரு வருஷக் கணக்குங்கிறதால சேதமும் அதோட போச்சு. ஃபோலினோ வேற ரகம். ஜனவரியில பெடார்டை மோதித் தாடையை உடைச்ச ஆள்கூட நேரா மல்லுக்கு நின்னார். அதே மாசம் இன்னும் ரெண்டு வருஷம் நீட்டினாங்க, அடுத்த சீசன் கேப்டனும் ஆக்கினாங்க. டீம் என்னவோ 82 ஆட்டத்துல 52 பாயின்ட்தான். அந்த டீமை அவர் ஜெயிக்க வைப்பார்னு யாரும் கூட்டிட்டு வரலையே. தெனம் தோத்துட்டு மறுநாள் காலையில பயிற்சிக்கு எப்படி வரணும்னு பசங்களுக்கு யாராவது காட்டணும் இல்ல?

என் கையில அப்படி ஒரு டீம் இருந்தா ரெண்டு பேரை எடுப்பேன், ரெண்டுக்கு மேல வேணாம். அதுக்கு மேல போனா பசங்க பெஞ்சுல உக்காரணும். மார்ச் மாச வர்த்தகக் கெடுவுக்குள்ள கோப்பைக்கு ஓடுற டீம் எதாவது கேட்டா, பாதிச் சம்பளத்தை நாமளே ஏத்துக்கிட்டு அனுப்பலாம். அதுக்கு விதி இடம் கொடுக்குது, பதிலுக்கு ஒரு தேர்வும் கிடைக்கும். ஆனா அனுப்பறதுக்கு முன்னாடி அந்த ஆள்கிட்ட ஒரு வார்த்தை கேப்பேன். அவருக்குப் பசங்களோடவே இருக்கணும்னு தோணினா இருந்துட்டுப் போகட்டும்.