பாட்டிக்கு ஒரு பிசினஸ் கிளாஸ் சீட்

பி.காம். படித்து என்ன பிரயோஜனம் என்று கேட்பவர்களுக்கு ஒரு பதில் வைத்திருக்கிறேன். விமானக் கம்பெனி தரும் மைல்கள் நமக்குப் பரிசு மாதிரி தெரியும். அவர்கள் பேலன்ஸ் ஷீட்டிலோ அது கடன். அந்தக் கடனைக் காசுக்கு விற்காது என்று தோன்றும் சீட்டில்தான் பெரும்பாலும் அடைப்பார்கள்.

சிங்கப்பூர் மாமாவின் கிரிஸ்ஃப்ளையர் மைல்கள் 3 வருடத்தில் காலாவதியாகும். அதற்குள் முழங்கால் வலியுள்ள பாட்டியைக் காலை நீட்டி உட்காரவைத்து அழைத்துக்கொள்ள அவருக்கு ஆசை. தேடும் வேலை என் தலையில்!

பொங்கல், தீபாவளி வாரங்களை விட்டுவிடுங்கள். முன்பதிவு 355 நாள் முன்பே திறக்கும், அப்போது ஒருமுறை பாருங்கள். விற்காத சீட் கடைசி வாரங்களிலும் தலைகாட்டும். குறைந்த மைல் கேட்கும் 'சேவர்' சீட்டுகள் கொஞ்சம்தான். இரண்டு பேருக்குத் தேடி 'இல்லை' என்று வந்தால், ஒருவருக்குத் தேடுங்கள்.

அப்படித்தான் ஒரே ஒரு சீட் சிக்கியது. அம்மாவுக்குக் காசு கொடுத்து எகானமி போதும் என்றேன்.

"அவ எங்கடா உக்காருவா?" என்றார் பாட்டி.

இப்போது இரண்டு சீட் இருக்கும் நாளைத் தேடிக்கொண்டிருக்கிறேன்.