ஸ்டியரிங் அவள் கையில்... பிரேக் என் காலில்!

என் பெண் கார் ஓட்டக் கற்றுக்கொள்ள ஆரம்பித்த நாளிலிருந்து எனக்கு வலது காலில் வலி. சிரிக்காதீர்கள்! அவள் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, அங்கே இல்லாத பிரேக்கை நான் மிதித்த மிதியில் வந்த வலி அது. என் குதிகால் பட்டுப் பட்டு, காருக்குள் போட்டிருக்கும் ரப்பர் விரிப்பில் ஒரு வட்டமே தேய்ந்துவிட்டது.

நாங்கள் இருப்பது அமெரிக்காவில், ஒஹையோ மாநிலத்தில், கொலம்பஸ் நகரத்துக்குப் பக்கத்தில். இங்கே பதினைந்தரை வயசானால் போதும், பரீட்சை எழுதிப் பிள்ளைகள் பழகுவதற்கான பர்மிட் வாங்கிவிடலாம். பிறகு 24 மணி நேரம் வகுப்பு, 8 மணி நேரம் பயிற்சியாளருடன் ஓட்டம். அதோடு விட்டார்களா? பெற்றோர் பக்கத்தில் உட்கார்ந்து 50 மணி நேரம் ஓட்டிப் பழக்க வேண்டும். அதில் 10 மணி நேரம் ராத்திரியில்! அதற்கப்புறம்தான் லைசென்ஸ்.

என் கணவர் பாதி நாள் வெளியூரில் இருப்பவர். ஆகவே அந்த ஐம்பது மணி நேரத்தில் பெரும்பங்கு என் தலையில் விழுந்தது. இங்கே ஒரு உண்மையைச் சொல்லிவிடுகிறேன். நானே கார் ஓட்டக் கற்றது 33 வயசில், இந்த ஊருக்கு வந்த பிறகு. கடைக்கு, பள்ளிக்கூடத்துக்கு, கோயிலுக்கு என்று மூன்று வழி தெரியும். ஹைவே என்றால் இன்றைக்கும் எனக்கு உள்ளங்கை வேர்க்கும். பயந்தவள் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தால் குழந்தை எதைக் கற்றுக்கொள்ளும்? பயத்தைத்தான்.

2024 பிப்ரவரியில் ஒரு சாயங்காலம். எங்கள் தெருமுனையில் 'நில்' பலகை. ரோடில் கண்ணுக்கே தெரியாத மெல்லிய ஐஸ். அவள் பிரேக் போட்டாள், கார் நிற்காமல் வழுக்கிக்கொண்டு போயிற்று. நான் என்ன செய்தேன் தெரியுமா? "ஐயையோ!" என்று அலறிக்கொண்டு அவள் கையிலிருந்த ஸ்டியரிங்கைப் பிடித்து இழுத்தேன். அவள் பயந்துபோய் எல்லாவற்றையும் விட்டுவிட்டாள். கார் நடைபாதை ஓரத்துக் கல்லில் இடித்து நின்றது. எதிரே வண்டி எதுவும் வராதது எங்கள் அதிர்ஷ்டம்.

கொஞ்ச நேரம் இரண்டு பேரும் பேசவில்லை. பிறகு அவள் அழுதுகொண்டே சொன்னாள்: "ஐஸைப் பார்த்து நான் பயப்படலைம்மா. நீ கத்தினதுலதான் பயந்தேன்."

அதற்கப்புறம் மூன்று வாரம் அவள் கார் சாவியைத் தொடவில்லை. எனக்குள் ஒரு மூலையில் நிம்மதியாகக்கூட இருந்தது. இவள் ஓட்டாமலே இருந்துவிட்டால் நல்லதுதானே என்று நினைத்தேன். ஆனால் இந்த ஊரில் கார் இல்லாமல் பால் பாக்கெட்கூட வாங்க முடியாது. இன்றைக்கு இல்லாவிட்டால் நாளைக்கு, யாராவது சிநேகிதி காரில் ஏறிப் போகத்தான் போகிறாள். அந்தச் சிநேகிதிக்கும் அதே பதினாறு வயசுதான். 16 முதல் 19 வயசுக்குள் இருப்பவர்கள் ஓட்டும் ஒவ்வொரு மைலுக்கும் உயிர்ச்சேத விபத்து விகிதம், 20 வயசுக்கு மேற்பட்டவர்களைப்போல ஏறக்குறைய மூன்று மடங்கு என்று இங்கே கணக்கு சொல்கிறார்கள். அதைப் படித்த ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

எதிர்வீட்டு அம்மாள் பள்ளி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். ஒரு நாள் என் புலம்பலைக் கேட்டுவிட்டு, "அவளை ஆட்டோகிராஸுக்குக் கூட்டிப் போயேன். என் பேரன் போகிறான். நீயும் ஓட்டலாம்" என்றார்.

பெயரைக் கேட்டதும் நான் மிரண்டுவிட்டேன். ஊரிலிருந்து அம்மா போனில், "ஏண்டி, பொம்பளைக் குழந்தையை ரேஸுக்கா அனுப்பப் போறே? உனக்கென்ன புத்தி பேதலிச்சுப் போச்சா?" என்று ஒரு பிடி பிடித்தாள்.

போய்ப் பார்த்த பிறகுதான் தெரிந்தது, நாங்கள் நினைத்த ரேஸ் இல்லை அது. ஞாயிற்றுக்கிழமையில் காலியாகக் கிடக்கும் பெரிய பார்க்கிங் இடம், அல்லது உபயோகத்தில் இல்லாத விமான ஓடுதளம். அதில் முழங்கால் உயர ஆரஞ்சு ரப்பர் கூம்புகளை வைத்து வளைந்து வளைந்து ஒரு பாதை போடுகிறார்கள். நம் வீட்டுக் காரையே எடுத்துக்கொண்டு போய், கூம்புகளைத் தட்டாமல் ஓட்டி வர வேண்டும். காரும் காரும் முட்டி மோதும் பேச்சே இல்லை. ஒரு கார் போய், நல்ல இடைவெளி விட்டுத்தான் அடுத்தது. போட்டி கடிகாரத்தோடு மட்டும்தான். ஒரு சுற்று ஒரு நிமிஷம்கூட ஆகாது. வளைவுகள் அதிகமாக இருப்பதால், தினம் ஹைவேயில் போகும் வேகத்தைத் தாண்டவும் வழியில்லை. ஒரு கூம்பைத் தட்டிவிட்டால் 2 விநாடி அபராதம். நம் சிக்குக்கோலத்தில் புள்ளியைத் தொடாமல் கம்பி இழுப்போமே, அந்த மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். 1944-ல் ஆரம்பித்த 'ஸ்போர்ட்ஸ் கார் கிளப் ஆஃப் அமெரிக்கா' என்ற சங்கம் இந்த விளையாட்டை நாடு முழுக்க நடத்துகிறது. அதன் தேசியப் போட்டி 1973-லிருந்தே நடக்கிறது.

நாங்கள் தேர்ந்தெடுத்தது புதியவர்களுக்கான பயிற்சி நாள். மே மாதத்தில் ஒரு ஞாயிறு. தயிர் சாதமும் எலுமிச்சம்பழ சாதமும் கட்டிக்கொண்டு காலை ஏழு மணிக்கே கிளம்பினோம். பெண் இன்னும் மைனர் என்பதால் தாய் தகப்பன் இருவரிடமும் கையெழுத்து கேட்டார்கள். இவரும் லீவு போட்டு வந்திருந்தார்.

முதல் வேலை, காரைக் காலி செய்வது. என் கார் எப்படி இருக்கும் என்று உங்களுக்குச் சொல்லவா வேண்டும்! தண்ணீர் பாட்டில், குடை, அரிசி மூட்டை, கோயில் பிரசாத டப்பா, ஒற்றைச் செருப்பு... எல்லாம் வெளியே வந்தன. ஓட்டுகிறவர் காலடியில் ஒரு பாட்டில் உருண்டு வந்து பிரேக்குக்கு அடியில் மாட்டிக்கொண்டால் என்ன ஆகும் என்று பரிசோதித்தவர் கேட்டபோது, எனக்கு வெட்கமாகிவிட்டது. டயர் காற்று, சக்கர நட்டு, பேட்டரிப் பட்டை, பிரேக் எல்லாம் பார்த்துவிட்டுத் தலைக்கவசம் கொடுத்தார்கள்.

பிறகு எல்லோரும் அந்தப் பாதையில் நடந்தே போனோம். நிற்க வைத்த கூம்புக்குப் பக்கத்தில் படுக்க வைத்த கூம்பு ஒன்று இருந்தால், அதன் முனை எந்தப் பக்கமாகப் போக வேண்டும் என்று காட்டுகிறதாம். பயிற்சியாளர் திரும்பத் திரும்பச் சொன்னது ஒன்றே ஒன்று: "பக்கத்திலிருக்கும் கூம்பைப் பார்க்காதே. அடுத்து எங்கே போக வேண்டுமோ அங்கே பார். கண் போகும் பக்கம்தான் கை போகும்."

முதல் பயிற்சி பிரேக். 20 மைல் வேகத்தில் வந்து ஒரே மிதியாக மிதிக்கச் சொன்னார்கள். கார் ஏறக்குறைய 20 அடியில் நின்றது. அடுத்து 40 மைல் வேகம். இரண்டு மடங்கு வேகம்தானே, 40 அடியில் நிற்கும் என்று நான் மனசுக்குள் கணக்குப் போட்டேன். 80 அடி போய் நின்றது! வேகம் இரண்டு மடங்கானால் நிற்கும் தூரம் நாலு மடங்காகும். ஆபத்தைப் பார்த்து, காலை எடுத்து பிரேக்கில் வைப்பதற்குள் கார் ஓடிவிடும் தூரம் இதில் சேரவே இல்லை.

பெண்ணுக்கு முதல் தடவை சரியாக மிதிக்க வரவில்லை. மிதித்ததும் பிரேக் காலுக்கடியில் கடகடவென்று அதிரவே, பயந்து காலை எடுத்துவிட்டாள். பயிற்சியாளர் சிரித்துக்கொண்டே, "அதுதான் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காப்பாற்றுகிற ஏபிஎஸ். உன் கார் உன்னோடு பேசுகிறது. அழுத்தின காலை எடுக்காதே, ஸ்டியரிங்கைத் திருப்பு, அது கேட்கும்" என்றார். அடுத்த தடவை நன்றாக நிறுத்தினாள்.

பிறகு என் முறை. பத்து வருஷத்துக்கு மேலாக ஓட்டுகிற நான், ஒரு தடவைகூட பிரேக்கை முழுசாக மிதித்ததே இல்லை என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. என் காலுக்கடியில் அது அதிர்ந்தபோது, பிப்ரவரி மாதத்து அந்தச் சாயங்காலம் ஞாபகம் வந்தது. அன்றைக்கும் இப்படித்தான் அதிர்ந்திருக்கும். அவள் அறியாமல் காலை எடுத்திருப்பாள். அவளுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லையே! எனக்கே தெரியாததை நான் எப்படிச் சொல்லியிருப்பேன்?

கூம்புப் பாதையில் அவள் முதல் சுற்றில் ஏழு கூம்புகளைச் சாய்த்தாள். நான் ஒன்பது! ஒரு திருப்பத்தை விட்டுவிட்டு எங்கேயோ போய்விட்டேன். என் பெண் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். மூன்று மாதமாக அந்தச் சிரிப்பை நான் கேட்கவில்லை.

இதில் எனக்குப் பிடித்த இன்னொரு ஏற்பாடு, ஓட்டாத நேரத்தில் எல்லோரும் மைதானத்தில் நின்று வேலை செய்ய வேண்டும். கூம்பு விழுந்தால் ஓடிப் போய் நிமிர்த்தி, தரையில் சுண்ணாம்பால் போட்ட சதுரத்துக்குள் வைக்க வேண்டும். ஆபத்து என்றால் சிவப்புக் கொடி காட்ட வேண்டும். நானும் அவளும் ஒரே மூலையில் நின்றோம். "பாரும்மா, அந்த அண்ணா லேட்டா பிரேக் போட்டான், கார் திரும்பாமல் நேரே போச்சு பார்" என்று அவள் எனக்குப் பாடம் நடத்தினாள். டயருக்கு இருக்கிற பிடிப்பு ஒன்றுதான். பிரேக்குக்கே எல்லாவற்றையும் கொடுத்துவிட்டால் திரும்புவதற்கு மிச்சம் இருக்காது என்பது அவள் விளக்கம்.

கடைசிச் சுற்றில் அவள் ஒரு கூம்பைக்கூடத் தட்டவில்லை. நான் மூன்று.

திரும்பி வரும்போது அவள்தான் ஓட்டினாள். காரில் ஒரு உடன்படிக்கை செய்துகொண்டோம். நான் கத்தக் கூடாது, ஸ்டியரிங்கைத் தொடக் கூடாது. சொல்ல வேண்டியதை முன்கூட்டியே, ஒரே வார்த்தையில் சொல்ல வேண்டும்: 'மெதுவா', 'இடது', 'நில்லு'. பதிலுக்கு அவள், கண்ணில் படுவதை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே ஓட்ட வேண்டும். அவள் பார்த்துவிட்டாள் என்று தெரிந்தால் என் கால் பாதி அமைதியாகிவிடுகிறது.

நவம்பரில் ஒரு இரவு, மழைத் தூறல். இரண்டு பக்கமும் மரங்கள் அடர்ந்த ரோடு. திடீரென்று ஒரு மான் குறுக்கே பாய்ந்தது. இந்த ஊரில் அந்த மாதத்தில் அது சகஜம். மானுக்காக வண்டியை ஒடித்து மரத்தில் மோதிப் போகிறவர்கள்தான் அதிகம் அடிபடுகிறார்கள் என்று வகுப்பில் சொல்லியிருந்தார்களாம். அவள் ஸ்டியரிங்கை ஒடிக்கவில்லை. நேராகப் பிடித்தபடி ஒரே மிதி. அந்தக் கடகட சத்தம் எனக்கும் கேட்டது. கார் நின்றது. மான் ஒரு நொடி எங்களைப் பார்த்துவிட்டுப் போய்விட்டது.

"அம்மா, நீ கத்தவே இல்லையே!" என்றாள். எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டு சத்தம் வரவில்லை என்பதை நான் சொல்லவில்லை.

வெளிநாட்டில் இருக்கும் சகோதரிகளுக்கு, நான் பட்டுத் தெரிந்துகொண்ட சில யோசனைகள்:

* முதல் தடவை போட்டிக்குப் போக வேண்டாம். பயிற்சியாளர் உடன் உட்காரும் புதியவர் நாளாகப் பாருங்கள். பர்மிட் உள்ள பிள்ளைகளைச் சேர்ப்பார்களா என்று முன்பே கேளுங்கள். இளைஞர்களுக்கென்றே 'டயர் ராக் ஸ்ட்ரீட் சர்வைவல்' என்ற ஒரு நாள் பயிற்சியும் அமெரிக்காவில் பல ஊர்களில் நடக்கிறது.

* உங்கள் கார் இன்ஷூரன்ஸ் இந்த மாதிரி நிகழ்ச்சிகளுக்குச் செல்லுமா என்று விசாரியுங்கள். நேரம் கணக்கிடும் போட்டிகளைப் பல பாலிசிகள் ஒதுக்கிவிடுகின்றன.

* மெல்லிய அடி வைத்த, மூடிய ஷூ போட்டுக்கொள்ளுங்கள். தொப்பி, தண்ணீர், நிறையச் சாப்பாடு அவசியம். நாள் முழுக்க வெயிலில் நிற்க வேண்டும்.

* நீங்களும் ஓட்டுங்கள். தோற்றுப் போங்கள். பிள்ளைகளுக்கு அதைவிடத் தெம்பு வேறில்லை.

* அங்கே கற்ற வேகத்தைத் தெருவில் காட்டினால் சாவி திரும்பி வந்துவிடும் என்று முதலிலேயே கண்டிப்பாகச் சொல்லுங்கள். போனைப் பற்றியும்தான். 55 மைல் வேகத்தில் 5 விநாடி போனைப் பார்த்தால், கார் 400 அடி கண்ணை மூடிக்கொண்டு ஓடியதற்குச் சமம்.

நம் ஊரில் கார் லைசென்ஸுக்குப் பதினெட்டு வயசாக வேண்டும். பிள்ளை லைசென்ஸ் வாங்கப் பழகும்போது, பயிற்சியாளரிடம் ஒரு காலி மைதானத்தில் பிரேக்கை முழுசாக மிதித்துப் பார்க்கவும் சொல்லிக்கொடுக்கக் கேளுங்கள்.

என் பெண் இப்போது லைசென்ஸ் வாங்கித் தனியாகப் போகிறாள். வாசலில் கார் சத்தம் தேய்ந்து மறையும் வரை நான் சமையலறை ஜன்னலில் நிற்கிறேன். பயம் போய்விட்டது என்று சொன்னால் அது பொய். ரோடு வளையும் இடத்துக்கு அவள் போயிருப்பாள் என்று தோன்றும்போது, என் வலது கால் இன்னமும் தரையை அழுத்துகிறது.