அவன் இடது கைக்காரன் இல்லை

கொஞ்சம் நீளமான த்ரெட். குறைமாசத்துல பிறந்த குழந்தை, எடை ரொம்பக் குறைவா பிறந்த குழந்தை, பிறந்ததும் அழாம ஐ.சி.யூ.வுல இருந்து வந்த குழந்தை உங்க வீட்டுலயோ பக்கத்து வீட்டுலயோ இருந்தா, தயவுசெஞ்சு கடைசி வரைக்கும் படிச்சிடுங்க. நான் செஞ்ச ஒரு தப்பைப் பத்தியும் இதுல சொல்லப்போறேன்.

உத்திரமேரூர் பக்கம் ஒரு அரசு மருத்துவமனை ஓ.பி. குழந்தை யாருன்னு தெரியக் கூடாதுங்கறதால சில விவரங்களை மாத்தியிருக்கேன்.

திங்கட்கிழமை, காய்ச்சல் சீசன். வரிசை வாசலைத் தாண்டி வேப்பமரம் வரைக்கும் நிக்குது. ஒரு இளம் தாய், கூட அவங்க மாமியார், இடுப்புல 11 மாசப் பையன். சளி, ரெண்டு நாள் காய்ச்சல். நெஞ்சுல ஸ்டெத் வெச்சுப் பார்த்தேன், சுத்தமா இருந்தது. மருந்து எழுதிட்டிருக்கும்போது பாட்டி கேட்டாங்க.

"டாக்டரம்மா, இவன் இன்னும் உக்கார மாட்றாம்மா."

மஞ்சப்பையிலிருந்து டிஸ்சார்ஜ் கார்டை எடுத்துக் கொடுத்தாங்க. 30 வாரத்துல பிறந்திருக்கான். எடை 1250 கிராம். பச்சிளம் குழந்தைகள் சிறப்புப் பிரிவில் 41 நாள்.

மனசுக்குள்ள கணக்குப் போட்டேன். இந்தக் கணக்கு உங்களுக்கும் தெரிஞ்சிருக்கணும். முழு கர்ப்பகாலம் 40 வாரம். 30 வாரத்துல பிறந்தவன் 10 வாரம், அதாவது ரெண்டரை மாசம் முந்தி வந்திருக்கான். அவனோட வளர்ச்சியைப் பார்க்கும்போது அந்த ரெண்டரை மாசத்தைக் கழிச்சிடணும். காலண்டர் படி 11 மாசம், வளர்ச்சிக் கணக்குல எட்டரை மாசம். இதுக்குப் பேரு திருத்திய வயது. ரெண்டு வயசு வரைக்கும் இப்படித்தான் பார்ப்போம்.

பிடிமானம் இல்லாம உக்கார்றதுக்கு 9 மாசம் வரைக்கும் டைம் இருக்கு. அதனால நான் சொன்னேன், "குறைமாசப் பிள்ளைம்மா. கொஞ்சம் லேட்டாதான் உக்காருவான். கவலைப்படாதீங்க."

பாட்டி விடல. "இந்தக் கைய நீட்டவே மாட்றான் மா. எதக் குடுத்தாலும் அந்தக் கைலதான் வாங்குறான்."

மருமகள் கொஞ்சம் கூச்சத்தோட சிரிச்சாங்க. "இடது கைப் பழக்கம் போல மேடம். அத்தைக்கு அது புடிக்கல. சோத்துக் கை, சோத்துக் கைன்னு சொல்லிட்டே இருக்காங்க."

நானும் சிரிச்சேன். "இடது கைக்காரங்க புத்திசாலிங்க பாட்டி. மாத்தாதீங்க, விட்டுடுங்க."

சீட்டைக் கொடுத்து அடுத்த டோக்கனைக் கூப்பிட்டேன். மொத்தம் மூணு நிமிஷம்கூட ஆகியிருக்காது.

ஒன்பது மாசம் கழிச்சு அதே பையன் திரும்ப வந்தான். 20 மாசம். அம்மா கையைப் பிடிச்சு நிக்க வெச்சாங்க. வலது குதிகால் தரையில படல. வலது கை முட்டியா மூடி, முழங்கை மடங்கி, நெஞ்சோட ஒட்டியிருந்தது. அந்த விரல்களைப் பிரிக்கப் பார்த்தேன், இறுக்கமா இருந்தது. எனக்கு வயித்தைப் பிசைஞ்சது.

மாவட்டத்துல இருக்கற ஆரம்பநிலை இடையீட்டு மையத்துக்கு அனுப்பினேன். குழந்தை நல மருத்துவர் பார்த்து உறுதி செஞ்சாங்க. செரிப்ரல் பால்சி, தமிழ்ல மூளை முடக்குவாதம்னு சொல்றோம். உடம்பின் வலது பக்கம் பாதிக்கிற வகை.

அவன் இடது கைக்காரன் இல்லை. வலது கை வேலை செய்யாததால இடது கையால எல்லாத்தையும் செஞ்சிட்டிருந்தான்.

இங்கதான் நான் தவறினேன். ஒரு வயசுக்குள்ள எந்தக் குழந்தைக்கும் 'கைப் பழக்கம்' வரக் கூடாது. ரெண்டு கையையும் ஏறக்குறைய சமமா நீட்டணும். யார் இடது கை, யார் வலது கைங்கறது அதுக்கு ரொம்ப நாள் கழிச்சுதான் தெளிவாகும். 11 மாசத்துல ஒரே கையைத்தான் நீட்டுறான்னா, இன்னொரு கைக்கு என்ன ஆச்சுன்னு கேட்கணும். இது எம்.பி.பி.எஸ்.ல படிச்ச பாடம்தான். பரீட்சையில எழுதியும் இருக்கேன்.

திருத்திய வயதுங்கற கணக்கு சரிதான். ஆனா அது தாமதத்துக்கு மட்டும்தான் பொருந்தும். குறைமாசக் குழந்தை எல்லாத்தையும் கொஞ்சம் லேட்டா செய்யலாம், ஆனா ரெண்டு பக்கமும் சேர்ந்துதான் லேட் ஆகணும். ஒரு பக்கம் செஞ்சு ஒரு பக்கம் செய்யலன்னா, அதை எந்த வயசுக் கணக்காலயும் கழிக்க முடியாது. நான் ரெண்டையும் ஒண்ணாப் போட்டுக் குழப்பிக்கிட்டேன்.

சரி, அன்னைக்கே கண்டுபிடிச்சிருந்தா குணமாகியிருக்குமா?

உண்மையைச் சொல்றேன். மூளையில ஏற்பட்ட பாதிப்பு பிறந்த நாட்கள்லயே நடந்து முடிஞ்சது. குறைமாசக் குழந்தையோட மூளையில ரத்தக்குழாய்கள் ரொம்ப மெல்லிசு. ரத்தக்கசிவு வரலாம், நரம்பு இழைகள் போற வெள்ளைப் பகுதி சேதமாகலாம். அதை யாராலும் திருப்ப முடியாது. ஆனா அந்த வயசு மூளை வேகமா வளர்ற மூளை. எந்தக் கையைப் பயன்படுத்துறோமோ அதுக்கான இணைப்புகள் பலப்படும், பயன்படுத்தாத கைக்கானது மெலிஞ்சு போகும். சீக்கிரம் ஆரம்பிச்சா அந்தக் கையிலிருந்து கூடுதலா வேலை வாங்கலாம், தசை இறுகிப் போறதைத் தள்ளிப்போடலாம். அவனுக்கு நான் இழக்க வெச்சது ஒன்பது மாசம். அதோட விலை எவ்வளவுன்னு எனக்கு யாரும் கணக்குப் போட்டுச் சொல்ல முடியாது.

செரிப்ரல் பால்சியைக் கண்டுபிடிக்க ஒன்றரை, ரெண்டு வயசு வரைக்கும் காத்திருக்கணும்னு ஒரு காலத்துல சொல்லுவாங்க. 2017ல சர்வதேச நிபுணர்கள் சேர்ந்து வெளியிட்ட பரிந்துரை அதை மாத்திடுச்சு. அதிக ஆபத்துல பிறந்த குழந்தைகளுக்கு திருத்திய வயது 6 மாசத்துக்கு முன்னாடியே கண்டுபிடிக்க முடியும்னு அது சொல்லுது. ஸ்கேன் பார்த்து, நரம்பியல் பரிசோதனை செஞ்சு, திருத்திய வயது 3லிருந்து 5 மாசத்துக்குள்ள குழந்தை மல்லாக்கப் படுத்து கைகால் ஆட்டுறதை சில நிமிஷம் வீடியோ எடுத்துப் பார்த்துக் கண்டுபிடிக்கிறாங்க. ஆரோக்கியமான குழந்தையோட அசைவுல ஒரு நெளிவு இருக்கும். அது இல்லன்னா பயிற்சி பெற்ற கண்ணுக்குத் தெரியும்.

நம்ம பக்கத்து மாநிலத்துலயே ஒரு எளிய கருவி இருக்கு. திருவனந்தபுரம் குழந்தை வளர்ச்சி மையம் உருவாக்கின அட்டவணை. 17 கேள்விதான், ரெண்டு வயசு வரைக்கும் பார்க்கலாம். அதுல ஒண்ணு, ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்குப் பொருளை மாத்துறானா? அன்னைக்கு என் மேஜையில நாக்கை அழுத்திப் பார்க்கற மரக்குச்சி இருந்தது. அதை அவன் கையில கொடுத்துப் பார்த்திருந்தா போதும்.

டிஸ்சார்ஜ் கார்டுல மறுபரிசோதனைத் தேதிகள் தெளிவா எழுதியிருந்தது. முதல் தடவை போயிருக்காங்க. அதுக்கப்புறம் போகல. ஏன்னு கேட்டேன். வீட்டுக்காரர் ஒரகடத்துல கம்பெனி வேலை, விடியக்காலை வேன். இவங்க கைக்குழந்தையோட ரெண்டு பஸ் மாறிப் போய், வரிசையில நின்னு, திரும்பி வர சாயந்திரம் ஆயிடும். "பால் குடிக்கிறான், எடை ஏறுது, சிரிக்கிறான். நல்லாத்தான இருக்கான்னு விட்டுட்டோம் மேடம்."

இதை அலட்சியம்னு சொல்லிடாதீங்க. 41 நாள் கண்ணாடிப் பெட்டிக்கு வெளியே நின்னு பார்த்தவங்க அவங்க. வீட்டுக்கு வந்துட்டான்னா எல்லாம் முடிஞ்சதுன்னு நினைக்கத்தான் தோணும். "உயிர் பிழைச்சது பாதி, மீதி இனிமேதான்"னு புரியற மாதிரி அவங்களுக்குச் சொல்ல வேண்டியது எங்க வேலை.

அந்த மீதி என்னன்னு சொல்லிடறேன்.

கண்: 34 வாரத்துக்கு முன்னாடி பிறந்தாலோ 2 கிலோவுக்குக் கீழே இருந்தாலோ, பிறந்து 30 நாளுக்குள்ள விழித்திரைப் பரிசோதனை. ரொம்பச் சின்னக் குழந்தைன்னா ரெண்டு மூணு வாரத்துலயே. தவறவிட்டா நிரந்தரப் பார்வையிழப்பு வரைக்கும் போகலாம். வெளியிலிருந்து பார்த்தா கண் அழகாத்தான் இருக்கும்.

காது: ஒரு மாசத்துக்குள்ள ஸ்கிரீனிங், மூணு மாசத்துக்குள்ள உறுதி, ஆறு மாசத்துக்குள்ள சிகிச்சை. கடுமையான மஞ்சள் காமாலை, மூளைக்காய்ச்சல், பல நாள் ஐ.சி.யூ. இருந்திருந்தா கட்டாயம். கேட்காத காதுக்கு காக்ளியர் இம்ப்ளான்ட் முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்துலயே இருக்கு, ஆனா வயசு வரம்பு உண்டு.

வளர்ச்சி, எல்லாமே திருத்திய வயசுல:
மூணு மாசமாகியும் முகம் பார்த்துச் சிரிக்கல.
நாலு மாசமாகியும் தலை நிக்கல.
நாலஞ்சு மாசத்துக்கு அப்புறமும் கை எப்பவும் மூடியே இருக்கு.
ஒன்பது, பத்து மாசமாகியும் தனியா உக்காரல.
ஒரு வயசாகியும் 'பா பா, மா மா'ன்னு மழலை இல்ல.
ஒன்றரை வயசாகியும் நடக்கல.
டயாப்பர் மாத்தும்போது கால் ரெண்டும் கத்தரி மாதிரி பின்னிக்குது.
ஒரு வயசுக்குள்ள ஒரு கையை மட்டும்தான் பயன்படுத்துறான்.

இதுல ஒண்ணு இருந்தாலும் காட்டுங்க. காட்டிட்டு ஒண்ணும் இல்லைன்னா சந்தோஷமா வீட்டுக்குப் போகலாம். நடக்கலயேன்னு வாக்கர் வாங்கி உள்ளே உக்கார வைக்காதீங்க. நடை வராது, நுனிக்காலை ஊன்றுற பழக்கம்தான் கூடும்.

எங்க போறது? 2013ல ஆரம்பிச்ச ஆர்.பி.எஸ்.கே. திட்டத்துல ஒரு மருத்துவக் குழு வருஷத்துக்கு ரெண்டு தடவை உங்க ஊர் அங்கன்வாடிக்கு வரும். குழந்தை அங்க சேராட்டாலும் தூக்கிட்டுப் போய்க் காட்டலாம். அவங்க அனுப்பற இடம்தான் மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையம், டி.இ.ஐ.சி. குழந்தை நல மருத்துவர், பிசியோதெரபி, பேச்சு, செவித்திறன், எல்லாம் ஒரே இடத்துல, இலவசமா. ஈ.சி.ஆர். முட்டுக்காட்டுல மத்திய அரசோட பல்வகை ஊனமுற்றோருக்கான தேசிய நிறுவனம் இருக்கு. வழி தெரியலன்னா உங்க கிராம சுகாதார செவிலியரைக் கேளுங்க, இல்ல 104க்கு போன் பண்ணுங்க.

இப்ப அந்தப் பையனுக்கு நாலு வயசு ஆகப்போகுது. நடக்கிறான், கொஞ்சம் சாய்ஞ்சு. காலுக்கு ஒரு பிளாஸ்டிக் தாங்கி போட்டிருக்கான். தெரபிஸ்ட் சொல்லிக் கொடுத்தபடி, தினமும் கொஞ்ச நேரம் இடது கைக்கு உறை மாட்டி வலது கையால விளையாட வைக்கிறாங்க. அந்த உறையை அவங்க அப்பாவோட பழைய லுங்கியில பாட்டி தைச்சிருக்காங்க. வலது கையால தட்டை அழுத்திப் பிடிச்சுக்கிட்டு இடது கையால சாப்பிடுறான். வலது கை இப்ப 'துணைக் கை'. அது பெரிய விஷயம்.

அவங்ககிட்ட நான் மன்னிப்புக் கேட்டேன். "அன்னைக்கு நான் சரியாப் பார்க்கல. என் தப்பு"ன்னு சொன்னேன். அம்மா அழுதாங்க. அப்புறம் ஒண்ணு சொன்னாங்க.

"நீங்க அன்னைக்கு அப்படிச் சொன்னதுக்கு அப்புறம் அத்தை இதைப் பத்திப் பேசறதையே விட்டுட்டாங்க மேடம். டாக்டரே சொல்லிட்டாங்கன்னு நான்தான் அவங்க வாயை அடைச்சேன்."

எனக்கு அதிகம் வலிச்சது இதுதான். அந்த வீட்டுல சரியாப் பார்த்தது ஒரே ஒருத்தர். காரணம் தெரியாது, நோயோட பேரு தெரியாது, ஆனா தினமும் குளிப்பாட்டுற கைக்கு அந்தக் கை வேற மாதிரி இருக்குன்னு தெரிஞ்சிருக்கு. அவங்களை நான் சிரிச்சுட்டே வாயடைக்க வெச்சுட்டேன்.

இப்ப சளிக்கு வந்த குழந்தையா இருந்தாலும் பிறந்த வாரத்தையும் எடையையும் கேட்கறேன். மரக்குச்சியை ரெண்டு பக்கமும் நீட்டிப் பார்க்கறேன். கடைசியா ஒரு கேள்வி, "வீட்டுல யாராவது இவனைப் பத்தி ஏதாவது சொல்றாங்களா?" பெரும்பாலும் ஒண்ணும் இருக்காது. சில சமயம் கூட வந்த பாட்டியை முன்னாடி வரச் சொல்லிக் கேட்பேன்.

உங்களுக்கும் அதைத்தான் சொல்றேன். உங்களுக்கு ஏதோ சரியில்லைன்னு தோணி, என்னை மாதிரி ஒரு டாக்டர் "கவலைப்படாதீங்க"ன்னு சொன்னா, ஒரு கேள்வி கேளுங்க. "சரி டாக்டர், எத்தனை மாசம் வரைக்கும் கவலைப்படாம இருக்கலாம்? அதுக்குள்ள வரலன்னா எங்க போகணும்?" பதிலைக் கார்டுலயே எழுதித் தரச் சொல்லுங்க. தேதி சொல்லாத ஆறுதலை மட்டும் வாங்கிட்டு வீட்டுக்குப் போகாதீங்க.

கூடவே மஞ்சப்பையில இருக்கற அந்த டிஸ்சார்ஜ் கார்டை இன்னைக்கே ஒரு தடவை எடுத்துப் பாருங்க. போகாம விட்ட தேதி இருந்தா பரவாயில்லை, இந்த வாரம் போங்க. லேட்டா வந்தீங்கன்னு யாராவது திட்டினா திட்டட்டும். குழந்தையைக் காட்டிட்டு வாங்க.